காலி நாற்காலிகளுக்குப் பின்னால்

எங்கள் புடவைக் கடையில் உட்காரும் உரிமை வாடிக்கையாளருக்கு மட்டும்தான். அவர்கள் வெள்ளை மெத்தையில் சம்மணம் போட்டுக்கொண்டு, அலமாரியில் இருப்பதையெல்லாம் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "சும்மா டிசைன் பார்க்கத்தான் வந்தோம்" என்று எழுந்து போவார்கள். நாங்கள் ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும் வரை நிற்க வேண்டும். கடையில் ஈ, காக்கை இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். விற்கிற பெண் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குக் காவலாகத் தலைக்கு மேல் கேமரா வேறு. ராத்திரி பெங்களூர் ஈஜிபுராவில் என் வீட்டு மாடிப்படியை நான் ஏறுவதைப் பார்த்தால், மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டு போகிறவள் என்றுதான் நினைப்பீர்கள்.

பட்டுப் பிரிவில் என் பக்கத்தில் நின்றவள் ஜீவனஹள்ளிக்காரி. என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிது. கல்யாணமாகி நெடுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதத்தில் ஒரு மத்தியானம் கால் வீங்கித் தாங்க முடியாமல், ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கேமரா பார்த்துவிட்டது. மேனேஜர் இறங்கி வந்தார்.

"உடம்பு முடியலன்னா வீட்ல இரும்மா. பெத்து வளத்துட்டு வா, அப்புறம் பாக்கலாம்."

வேலை போச்சு என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னார். வேலையோடு பிரசவ விடுப்பும் போச்சு. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அக்கா, நாளைக்குக் காலைல எம்எல்ஏ மேடம் வீட்டுக்குப் போலாம், நீயும் வா" என்றாள்.

எனக்கு எம்எல்ஏ என்றாலே எரிச்சல். தேர்தல் சமயத்தில் தெருத்தெருவாக வந்து தமிழ் பேசுவார்கள். ஜெயித்ததும் அந்தத் தமிழ் அவர்களுக்கு மறந்துவிடும். இருந்தாலும், வயிற்றுப்பிள்ளைக்காரியைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

வாசலில் சாக்கடை, தண்ணீர், ரேஷன் கார்டு என்று ஒரே கூட்டம். எங்கள் முறை வந்ததும் மேடம் கன்னடத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"உக்கார ஒரு ஸ்டூல் வேணும் மேடம்."

அவருடைய பிஏ சிரித்தார். இலவச ஸ்டூல் கேட்கிறேன் என்று எண்ணினார் போல. மேடம் சிரிக்கவில்லை. இவளுடைய காலைப் பார்த்தார். தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து முழுக்கதையும் கேட்டார். பிறகு, தட்டுத் தடுமாறிய தமிழில் சொன்னார்:

"நான் ஒரு போன் மாடினா உங்க ஓனர் உன்ன மட்டும் திரும்ப எடுத்துப்பார். மத்தவங்க நின்னுட்டேதான் இருப்பாங்க. அது பேடா, வேணாம். அந்த ரோட்ல இருக்கிற எல்லாக் கடைப் பொண்ணுங்களயும் கூட்டிட்டு வா."

அப்படித்தான் அந்தக் கூட்டம் நடந்தது, கடை திறக்கும் நேரத்துக்கு முன்னால், பக்கத்துச் சமுதாயக் கூடத்தில். கடைக்காரர்கள் முன்வரிசையில். தொழிலாளர் துறை அதிகாரி மேடையில். டிவிக்காரர்கள் நடுவில். எங்களுக்கென்று, கல்யாண வீட்டில் போடுவதுபோல் வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகள் வரிசை வரிசையாக. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கடைக்குக் கடை வேறுவேறான யூனிஃபார்ம் புடவையில் உள்ளே வந்து, அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம்.

"கூத்கொள்ளி, எல்லாரும் உக்காருங்க" என்று மேடம் மைக்கில் சொன்னார். நாங்கள் இளித்தோம். "பரவால்ல மேடம்" என்றோம். மறுபடியும் சொன்னார். மறுபடியும் பரவாயில்லை. எதிரே முதலாளி உட்கார்ந்திருக்கும்போது எங்கள் முட்டி எப்படி மடங்கும்? இவ்வளவு வாய் பேசும் என் ஜீவனஹள்ளிக்காரிகூட வயிற்றைத் தாங்கிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள்.

தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒரு கடைக்காரர் எழுந்தார். "நீங்களே பாருங்க மேடம், நாற்காலி போட்டும் ஒருத்தரும் உட்காரவில்லை, நிற்பதுதான் இவர்களுக்கு வசதி, யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டிவிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட எங்கள்மேல் வந்த கோபம்தான் அதிகம். நாற்காலி கேட்டு வந்துவிட்டு நாற்காலிக்குப் பின்னாலா நிற்பது!

மேடம் மைக்கோடு மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். எனக்கும் தூணில் சாய்ந்திருந்தவளுக்கும் நடுவில், சுவரோரமாக நின்றுகொண்டார். நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

எம்எல்ஏ நிற்கும்போது யார் உட்கார்ந்திருக்க முடியும்? முதலில் அதிகாரி எழுந்தார். பிறகு முன்வரிசை ஒவ்வொருவராக எழுந்தது. தங்கக் கண்ணாடியும் எழுந்தார். கூடம் முழுக்க நாற்காலிகள் காலி. மேடம் நிறுத்தவில்லை. சாலைக்குழி முதல் குப்பை வண்டி வரை, அந்த வட்டாரத்தின் பிரச்சினைகளை ஒன்றுவிடாமல் பேசினார். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான் இழுத்தார். தங்கக் கண்ணாடி வலது காலில் நின்றார், இடது காலுக்கு மாறினார், கடைசியில் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

மேடம் பேச்சை நிறுத்தி, ரொம்பக் கரிசனமாக, "கால் நோய்தா இதெயா சார்?" என்று கேட்டார். கால் வலிக்கிறதா என்று.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரவைத்தேன், பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், என் பின்னால் தடதடவென்று நாற்காலிகள் நகரும் சத்தம். நாங்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தோம், எங்கள் முதலாளிகள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி உட்காரவில்லை.

இந்தக் கதையை மேடம் அப்படியே விதானசௌதாவில் நடந்த சட்டசபைக் கூட்டத்தில் சொன்னார். கடையின் டிரையல் ரூமுக்குள் ஒளிந்துகொண்டு, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, போனில் பார்த்தோம். அடுத்த தேர்தலில் இதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். கேட்கட்டுமே, கேட்கிற மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார் இல்லையா? எல்லாக் கடையிலும் இருக்கை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதிகாரிகள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். எங்கள் கடைக்கு ஸ்டூல்கள் வந்தன. முதலாளியே போன் செய்து, விடுப்பும் உண்டு, வேலையும் உண்டு, வந்து சேர் என்று அவளைக் கூப்பிட்டார்.

எட்டாம் மாத வயிற்றோடு வந்தாள். பட்டுப் பிரிவில் புது ஸ்டூலில், நேராகக் கேமராவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். தூரத்தில் மேனேஜர் வருவது தெரிந்ததும் கால்மேல் கால் போடப் பார்த்தாள். வயிறு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்.

"அக்கா, என்னால முடியல. எனக்குப் பதிலா நீ போடு."

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் கால்மேல் கால் போட்டேன். மேனேஜர் எங்களைத் தாண்டிப் போனார். நான் காலை இறக்கவில்லை.