மூன்றாவது ஃபேன்

பதினெட்டு வருடமாக பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் கண்டக்டரம்மாவுக்குப் பாரம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐம்பது சீட்டுக்குத் தொண்ணூறு பேர் ஏறினால் எந்தத் திருப்பத்தில் வண்டி முனகும் என்பது வரை அத்துப்படி.

கணவர் கார் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர். நுரையீரல் கெட்டு, இப்போது ஆக்சிஜன் மெஷினால்தான் மூச்சு. மதியம் ஒரு மணி நேரம் மட்டும் கரண்ட் போய்க்கொண்டிருந்தவரை சிலிண்டர் தாங்கியது. அது இரண்டரை மணி நேரமானதும் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மெஷினைப் பற்றிக் கடையில் கண்டக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். "கவலையே படாதீங்க மேடம், மூணு மணி நேரம் ஓடும்" என்றார் கடைக்காரர்.

அடுத்து கரண்ட் போனபோது ஒன்றரை மணி நேரத்திலேயே இன்வெர்ட்டர் கீ கீயென்று கத்திவிட்டு அணைந்தது. வீட்டில் கணவர் மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ச் சிலிண்டரைத் திறந்து பிழைத்தார்.

மறுநாள் லீவு போட்டுக் கடையில் போய் நின்றார் கண்டக்டரம்மா. ஆர்டர் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஃபேன் என்ற கட்டத்தில் இரண்டை அடித்து மூன்றாக்கியிருந்தது.

"எங்க வீட்டுல ஃபேன் ரெண்டுதான். மூணாவது எது?"

"அதான் மேடம் உங்க மெஷின். ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல. ஒரு ஃபேனாப் போட்டுட்டோம்."

"அஞ்சு ஃபேன் இழுக்கிற கரண்டை அது ஒண்ணே இழுக்கும். மெஷின் முதுகுலயே எழுதியிருக்கு, பார்க்கலயா? ஒரு டிக்கெட்டுல அஞ்சு பேரை ஏத்தினா எனக்கு மெமோ. உங்களுக்கு என்ன?"

"ரெண்டு பேட்டரி செட்டா மாத்தித் தர்றோம். அது நாலு மணி நேரம் நிக்கும்."

"உங்க வாய்க்கணக்கு போதும். ஓட்டிக் காட்டுங்க."

அடுத்த நாள் ஆட்டோவில் கணவர், மெஷின், சிலிண்டர் எல்லாம் கடைக்கு வந்தன. மதியம் கரண்ட் போனதும் மெஷினோடு இரண்டு ஃபேனையும் அந்த செட்டிலேயே ஓடவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார் கண்டக்டரம்மா.

"நடுக்கடையில என்னைப் பொம்மையாட்டம் உக்கார வெச்சுட்டா. விலைச்சீட்டு மட்டும் ஒட்டிடாதீங்க," என்றார் மூக்கில் குழாயோடு கணவர்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பல்பு வாங்க வந்த ஒருவர் மெஷினைப் பார்த்து நின்றார். "எங்க அத்தைக்கும் இதேதான். போன வாரம் இங்கதான் இன்வெர்ட்டர் வாங்கினோம்."

கண்டக்டரம்மா எழுந்துவிட்டார். "அந்த இன்வெர்ட்டருக்கு இன்னும் அரை மணி நேரம்தான் உசுரு. அத்தைக்குச் சிலிண்டர் திறக்கத் தெரியுமா?"

"தெரியாதே..."

"அப்புறம் என்ன நிக்கிறீங்க? ஓடுங்க!"

அவர் பல்பை மறந்து பைக்கை நோக்கி ஓடினார். கடைக்காரர் முணுமுணுத்தார்: "வியாபார நேரத்துல பீதியைக் கிளப்பறீங்களே மேடம்."

"பீதியா? ஃபைலை எடுய்யா. எத்தனை பேரு மூச்சை ஃபேன்னு எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாரு. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடு."

மரியாதை போனதைக் கடைக்காரர் கவனித்ததாகத் தெரியவில்லை. ஃபைலைப் புரட்டி, அடித்துத் திருத்திய படிவங்களைத் தேடினார். இவர்கள் இருவருடையது போக மூன்று கிடைத்தன. இரண்டு வீட்டில் போனை எடுத்தார்கள்.

மூன்றாவது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"விலாசம் இருக்குல்ல?" என்றார் கண்டக்டரம்மா. "கடையை நான் பார்த்துக்கறேன். நீயே போ."