அபயாம்பாளும் மைனஸ் எட்டும்

மறப்போம் மன்னிப்போம் என்று பேசுகிறவர்களைக் கண்டால் அபயாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிபட்டவளும் நான், மன்னிக்கிற வேலையும் எனக்கேவா என்று கேட்பாள். கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை.

மாயவரத்தில் கணிதம் படித்து முதல் வகுப்பில் தேறியவள். கணவர் ஜம்புவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை என்பதால் புனேவுக்கு வந்து கோர்படியில் குடித்தனம் போட்டாள். கேம்ப் பகுதியில் சுந்தரராமன் என்பவர் நடத்திய டியூஷன் சென்டரில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள். மண்டையில் ஏறாத கணக்கையும் அபயம் டீச்சர் ஏற்றிவிடுவாள் என்று பெயர். அந்தப் பெயரைத் தவிர அவளுக்கென்று சொந்தமாக வேறு எதுவும் இருந்ததில்லை.

தொண்ணூற்றாறில் அதைப் பறிகொடுத்தாள். பெற்றோர் கூட்டத்தில் பாஸ்கர் என்ற விமானப்படைக்காரர், மகளுடைய மலிவுவிலைக் கால்குலேட்டரை நீட்டினார். மைனஸ் எட்டின் கனமூலம் மைனஸ் இரண்டு என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்கிறார், இதுவோ எரர் என்கிறது, எது சரி என்று கேட்டார். சுந்தரராமன் தானே தட்டிப் பார்த்தார். திரையில் எரர்தான் வந்தது.

"மைனஸ் நம்பருக்கு ரூட்டே கிடையாது. டீச்சர் அசந்துட்டா. தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றார் பாஸ்கரிடம்.

அபயம் எழுந்தாள். "சார், ஸ்கொயர் ரூட்டுக்குத்தான் அது. க்யூப் ரூட்டுக்கு இல்லே. மைனஸ் ரெண்டை மூணு தடவை போட்டுப் பெருக்குங்கோ, மைனஸ் எட்டு வரும். இந்த மெஷின் லாக் எடுத்துப் போடறது. மைனஸுக்கு லாக் கிடையாது, அதான் முழிக்கறது."

"மெஷினைவிட உங்களுக்கு ஜாஸ்தி தெரியுமோ?" என்றார் சுந்தரராமன்.

பெற்றோர்கள் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார் சுந்தரராமன்.

வேலை போனதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்குத் தெரியாத டீச்சர் என்ற பேச்சு கோர்படியில் கிளம்பிப் பக்கத்து வானவடி அடுக்ககங்கள் வரை போய்விட்டது. அவள் வீட்டில் டியூஷன் ஆரம்பித்தபோது பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒருவரும் அனுப்பவில்லை. இன்டக்ரேஷன் போட்ட கை சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு எழுதிப் போட்டது. ஜம்பு எப்போதாவது, "விட்டுத் தொலையேன்" என்பார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது.

கேம்ப்பில் முகமது இஸ்மாயில் கடைக்குப் புதுக் கால்குலேட்டர் எது வந்தாலும் அபயம் போய் நிற்பாள். மைனஸ் எட்டைப் போட்டுக் கனமூலம் எடுப்பாள். சிலது எரர் என்று கைவிரித்தது, சிலது ஒழுங்காக மைனஸ் இரண்டு என்றது. விலை கூடின ஒன்று மட்டும், ஒன்று கூட்டல் ஒன்று புள்ளி ஏழு மூன்று ஐ என்று காட்டியது. கற்பனை எண் தெரிந்த இயந்திரம் அது. மைனஸ் ஒன்பதின் வர்க்கமூலத்தைக் கேட்டால் மற்றதெல்லாம் எரர் போட, இது மூன்று ஐ என்று சமர்த்தாகச் சொல்லிற்று. மைனஸ் எட்டுக்கு மூன்று கனமூலங்கள் உண்டு, இது காட்டியது அதில் ஒன்று என்பது அவளுக்குத் தெரியும். சரியான விடைதான், ஆனால் பழிவாங்க உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மைனஸ் இரண்டு சொல்வதை வாங்கினாள்.

"என்னக்கா, யாரையாச்சும் கொல்லப் போறீங்களா?" என்றார் இஸ்மாயில்.

"ஆமாம் பாய்" என்றாள்.

இரண்டாயிரத்து நாலில் தமிழர்கள் கூடிச் சுந்தரராமனுக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். நம்மவர் விழாவில் பொன்னாடைக்கு மட்டும் தடை கிடையாது. கையில் ஒரு சால்வை இருந்தால் யாரும் மேடையேறலாம், போர்த்திவிட்டு மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லலாம். அபயம் சால்வை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தியதில் சுந்தரராமன் ஏற்கெனவே வியர்த்துக்கொண்டிருந்தார். கீழே முன்வரிசையில் பாஸ்கரும் இருந்தார்.

சால்வையைப் போர்த்தி, கால்குலேட்டரை அவர் கையில் வைத்தாள். "மைனஸ் எட்டுக்கு க்யூப் ரூட் போடுங்கோ சார். என்ன வரதுன்னு மைக்கில் சொல்லுங்கோ."

அவர் பொத்தானைத் தொடவே இல்லை. அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"மைனஸ் ரெண்டு வரும். எனக்கு அன்னிக்கே தெரியும், அபயம். நீ சொல்லி வாய் மூடறதுக்குள்ளே புரிஞ்சுடுத்து. அத்தனை பேருக்கு முன்னாடி நான் தப்புன்னு எப்படிச் சொல்லிப்பேன்? சென்டர் நடக்கணுமோல்லியோ?"

அபயத்துக்கு உடம்பு முழுக்க எரிந்தது. தெரியாத்தனத்தால் தன்னைக் கெடுத்தான் என்று நினைத்தல்லவா இத்தனை நாளும் கறுவினாள்? தெரிந்தே செய்திருக்கிறான். இந்த ஆளுக்குக் கணக்குக் கற்பிக்கவா சால்வையும் கையுமாக வரிசையில் நின்றோம் என்று வெட்கமாக இருந்தது. கால்குலேட்டரை அவர் கையிலேயே விட்டுவிட்டு மைக்கை வாங்கினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு சொல்லி சார் என்னை வேலையை விட்டு அனுப்பினார். நான் சொன்ன விடை சரின்னு அன்னிக்கே அவருக்குத் தெரியுமாம். இப்போதான் என் காதுல சொன்னார். உங்களுக்கும் சொல்வார்."

விழா நடத்துகிறவர் மைக்கைப் பிடுங்க வந்தார். அபயம் கொடுக்கவில்லை. சால்வைக் குவியலுக்கு மேலே தெரிந்த சுந்தரராமனின் வாயருகே அதை நீட்டினாள்.

"பொய்னு சொல்லுங்கோ சார், போயிடறேன்" என்றாள்.

சுந்தரராமன் வாயைத் திறக்கவில்லை. அபயம் மைக்கை விலக்கவும் இல்லை.