சூடம் காட்டிய பொருளைத் திருப்பி அனுப்பலாமா?

கதவைத் திறந்தால் லெட்சுமி நிற்கிறாள். கையில், துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருகிறவள்போல இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?"

ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் காலை நேரத்தில் யாராவது இப்படிக் கேட்டுக்கொண்டு வந்தால், அடுத்து வருவது பேங்க் சமாச்சாரம் என்று அர்த்தம். நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆனால், கிரெடிட் கார்டு தகராறுப் பிரிவில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வு ஏது? டாக்டரைக் கண்டால் நாக்கை நீட்டுவதுபோல, என்னைக் கண்டால் ஸ்டேட்மென்ட்டை நீட்டுகிறார்கள். லிஃப்ட்டில்கூட.

லெட்சுமி எனக்குக் கீழ்மாடி. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவள் புருஷன் முனியாண்டி, பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சில மாதங்களுக்கு முன்பு அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. வால்வு மாற்றினார்கள். பிழைத்துவந்து, இப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிவியோடு சண்டை போடுகிறார்.

லெட்சுமி துண்டைப் பிரித்தாள்.

வேல். ஒரு முழ உயரம் இருக்கும். சந்தனப் பொட்டு, குங்குமம், சின்னதாக ஒரு மல்லிகைச் சரம். எல்லாம் சரி... ஆனால் முனையில் பாதி வெள்ளையாகவும் பாதி மஞ்சளாகவும் இருந்தது. தோல் உரிந்த முட்டி மாதிரி.

"சுத்த வெள்ளின்னு போட்டிருந்தான் அண்ணே. காலையில திருநீறு போட்டுத் தேய்ச்சேன். கையோட வந்திருச்சு."

வெள்ளிச் சாமானைத் திருநீறு போட்டுத் தேய்த்துத் துலக்குவது நம் வீட்டுப் பழக்கம். அசல் என்றால் பளபளக்கும். போலி என்றால் உரியும். எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு மலிவாகச் சோதனை செய்து தராது.

விஷயம் இதுதான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோது லெட்சுமி ஒரு நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாள். இவரை வீட்டுக்கு அனுப்பு, வெள்ளியில் வேல் வைத்துக் கும்பிடுகிறேன், தைப்பூசத்துக்குப் பால்குடத்தோடு அதையும் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கொண்டுவருகிறேன் என்று. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அவளும் வாக்கைக் காப்பாற்ற இன்டர்நெட்டில் ஒரு கடையைப் பிடித்து வேல் வாங்கியிருக்கிறாள்.

"லிட்டில் இந்தியாவில் இல்லாத வேலா லெட்சுமி?"

"அங்க எல்லாக் கடைக்காரனுக்கும் இவரத் தெரியும். நான் பஸ் ஏறி வீடு வர்றதுக்குள்ள இவருக்குப் போன் வந்திரும். 'எனக்காக எதுக்குடி காசை இறைக்கிற'ன்னு ஆரம்பிச்சிருவாரு. கூட வேல பாக்கிற அக்கா குடுத்துச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இன்னொன்றும் சொன்னாள். அந்தக் கடைக்காரன், பேங்க் கணக்குக்கு நேராகப் பணத்தை அனுப்பினால் விலையில் குறைத்துக்கொள்கிறேன் என்றானாம். ஆனால் பேங்க் ஆப் இருப்பது முனியாண்டியின் போனில். அதனால் ஃபேக்டரி வேலையைக் காட்டி வாங்கிய தன் சொந்தக் கார்டில் கட்டிவிட்டாள்.

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள். கணக்குக்கு நேராக அனுப்பிய பணம், ஃபெர்ரியிலிருந்து கடலில் தவறிய மோதிரம் மாதிரி. போலீஸில் சொல்லலாம், சாமியிடமும் சொல்லலாம். கார்டில் கட்டியது அப்படியல்ல. சொன்ன பொருள் வரவில்லை, வந்த பொருள் சொன்னது இல்லை என்று நிரூபித்தால், பேங்க் வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால், கதவு என்று ஒன்று இருக்கிறது. தட்டலாம்.

ஆக, கடைக்காரன் நீட்டிய தள்ளுபடியிலிருந்து லெட்சுமியைக் காப்பாற்றியது எது? எச்சரிக்கையா? விழிப்புணர்வு போஸ்டரா? புருஷனுக்குத் தெரியக் கூடாது என்ற கள்ளத்தனம்!

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய குதிரைக்கு மணிச்சத்தம் கேட்டால் போதும். "நல்ல கேஸ் லெட்சுமி. விளம்பரத்தைப் படம் எடுத்து வச்சுக்க. இதையும் படம் எடு. முதல்ல கடைக்காரனுக்கு எழுதணும். அவன் சரிப்பட்டு வரலைன்னா பேங்க்கு. தள்ளிப் போடாதே, இதுக்குக் கெடு உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பத் தயார்னு எழுதிடு. அவன் கேட்டா அனுப்பிடணும்."

"எதை?"

"இதைத்தான்."

லெட்சுமி மெதுவாகத் துண்டை மூடினாள்.

"சூடம் காட்டியாச்சு அண்ணே."

பொருளைத் திருப்பி அனுப்ப முடியாததற்கு என் காலத்தில் எத்தனையோ காரணம் கேட்டிருக்கிறேன். நாய் கடித்துவிட்டது. மச்சான் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளத்தில் போய்விட்டது. ஆனால், சூடம் காட்டியாயிற்று என்று யாரும் சொன்னதில்லை. பேங்க்கில் நிரப்பும் பாரத்தில் 'பயன்படுத்தாதது', 'பயன்படுத்தியது', 'சேதமடைந்தது' என்று கட்டங்கள் உண்டு. 'வழிபட்டது' என்று கட்டம் கிடையாது.

"இது போலிம்மா."

"வேல் போலியா இருக்கட்டும். நான் காட்டுன சூடம் போலியா அண்ணே?"

நான் விதிகளைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் விதிகளைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் தலையாட்டினாள். பிறகுதான் கவனித்தேன்... அவள் கண்ணிலிருந்து தண்ணீர் துண்டின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

"போன செக்கப்புல, நெஞ்சில தண்ணி கோத்திருக்கும்போல, எதுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்திரலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் இது முன்னாடியேதான் உக்காந்திருந்தேன். இதுகிட்டதான் கெஞ்சினேன். ஒண்ணும் இல்லேன்னு வந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப இது பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றீங்க. அப்ப... அதுவும் பொய்யாப் போயிருமா அண்ணே?"

நான் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனேன். தெரியாத கேள்விக்கு என்னிடம் இருக்கும் ஒரே நடைமுறை அதுதான்.

திரும்பி வந்தபோது வாசலில் முனியாண்டி நின்றுகொண்டிருந்தார்.

"கோப்பி கலக்கி ஆறிப்போச்சு. இங்க என்ன மாநாடு?"

லெட்சுமி துண்டை இழுத்து மூடப்பார்த்தாள். முடியவில்லை. கிரேன் ஓட்டியவர் கண் அல்லவா? உயரத்திலிருந்து பார்த்துப் பழகிய கண்.

"அக்கா குடுத்தது இல்லியா இது?"

"இல்ல."

"ஏமாந்துட்டியா?"

"ம்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். நானும் லெட்சுமியும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் பாய்ந்தோம். அவர் எங்களை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உக்காருங்கலா ரெண்டு பேரும்! அண்ணே, இதுக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? பன்னியோட வால்வு. டாக்டர் படம் போட்டுக் காட்டுனாரு. ஒரிஜினல் போச்சு, இது மாத்துப் பொருளுதான். அதுக்காக இவ என்னைப் பார்சல் கட்டி ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்பிட்டாளா?"

"சீ! வாய மூடுங்க. வெள்ளிக்கிழம அதுவுமா பன்னிய இழுக்கிறாரு."

"பன்னிதான்டி உன் தாலியக் காப்பாத்துச்சு. மரியாதையாப் பேசு."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். முனியாண்டி அந்த வேலை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். சரிந்திருந்த மல்லிகைச் சரத்தைச் சரிசெய்தார்.

"வச்சுக்க. எனக்காக வாங்குனது. ஓடுற வரைக்கும் ஓடட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா அவன விடாதீங்க அண்ணே. காசு வந்தாகணும்" என்றார்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. என் பாடுதான் திண்டாட்டம்.

கடைக்காரனுக்கு எழுதினோம். பதில் தேன் மாதிரி வந்தது. 'வருந்துகிறோம். பயன்படுத்தாத நிலையில், வந்த பெட்டியிலேயே வைத்து அனுப்புங்கள். முழுப் பணமும் தருகிறோம்.' கில்லாடி! வேல் விற்கிறவனுக்கு, வாங்குகிறவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று தெரியாதா? பெட்டியைப் பிரித்த நாழிகையிலேயே சந்தனம் வைத்துவிடுவார்கள் என்பதுதானே அவன் வியாபாரமே!

அடுத்து பேங்க் பாரம். 'பொருள் பயன்பாட்டில் உள்ளதா?' என்று ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினால் வேலை சுலபம். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு லெட்சுமியைப் பார்த்தேன். லெட்சுமி என்னைப் பார்த்தாள்.

'ஆம். தினமும்.' அப்படியே எழுதினோம். தோற்பதற்கு இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சில வாரம் கழித்து பேங்கிலிருந்து போன். லெட்சுமி என் வீட்டுக்கு ஓடிவந்து ஸ்பீக்கரில் போட்டாள். பேசியது ஒரு சீனப் பெண். மலாயும் இங்கிலீஷும் கலந்த நம் ஊர்க் கலவையில் அவள் கேட்க, அதே கலவையில் இவள் பதில் சொன்னாள். தமிழில் தருகிறேன்.

"ஆன்ட்டி, தினமும் பயன்படுத்துறதா எழுதியிருக்கீங்க. எதுக்குப் பயன்படுத்துறீங்க?"

"சாமி கும்பிட."

"கடைக்காரன் திருப்பிக் கேக்கிறானே. ஏன் அனுப்பல?"

"பூஜை பண்ணியாச்சு மிஸ். அனுப்பக் கூடாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் கேஸ் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஓ... கண் திறந்தாச்சா?" என்றாள் அந்தப் பெண்.

லெட்சுமிக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணே விளக்கினாள். அவர்கள் வீட்டில் புதிதாகச் சாமி சிலை வாங்கினால், பூசாரி வந்து சிலையின் கண்களுக்கு மை வைப்பாராம். அதுவரைக்கும் அது பொருள். அதற்கப்புறம் வீட்டில் ஓர் ஆள்.

"எங்கம்மா ஒருதடவை மூக்கு உடைஞ்ச சிலையை வாங்கிட்டு வந்துட்டாங்க. கண் திறந்த பிறகுதான் பாத்தோம். இன்னும் அந்த மூக்கோடதான் இருக்கு. முடியாதுலா ஆன்ட்டி. திருப்பி அனுப்ப முடியாது."

நான் கையில் விதியை வைத்துக்கொண்டு ஒரு மாதமாகப் புரிந்துகொள்ளத் தவறிய விஷயம். போனில் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஸ்பீக்கருக்குள் புகுந்தேன். முழுப் பணத்தைக் கேட்டால்தானே பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? பொருளை வைத்துக்கொண்டு, சொன்ன மதிப்புக்கும் வந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கேட்டால்? "கேக்கலாம் அங்கிள். ஆனா மதிப்புக்கு அத்தாட்சி வேணும்" என்றாள். முன்பே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முழுசாக ஜெயிக்கும் ஆசை, பாதியில் இருக்கும் வழியை மறைத்துவிடுகிறது.

அத்தாட்சிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். பித்தளைக்கு மேல் பூச்சு, வெள்ளி இல்லை, இன்ன விலை பெறும் என்று எழுதித் தந்தார் கடைக்காரர். வேலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் திருப்பிக் கொடுத்தார். நாங்கள் படியிறங்குவதற்குள் போனை எடுத்துவிட்டார். யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? "முனியாண்டி! உன் சம்சாரம் வேல் கொண்டாந்துச்சு..."

போன வாரம் ஸ்டேட்மென்ட் வந்தது. வித்தியாசப் பணம் திரும்பிவிட்டது. அந்த இன்டர்நெட் கடைக்காரன், பேங்க் அனுப்பிவைத்த நகைக்கடைக் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதவேயில்லையாம். நடைமுறை ஜெயித்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால், ஒரு பெண் போனில் சற்று நேரம் மௌனமாக இருந்தாளே... ஜெயித்தது அதுவாகவும் இருக்கலாம்.

லெட்சுமி வெள்ளிக்கிழமைதோறும் அதே திருநீறு போட்டு அதே வேலைத் தேய்க்கிறாள். வாரத்துக்கு வாரம் வெள்ளைப் பூச்சு போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது ஏறக்குறைய முழுப் பித்தளை. இனிமேல் அதில் போலி என்று ஒன்றும் மிச்சமில்லை. தைப்பூசத்துக்கு அதுதான் மலை ஏறப்போகிறது. பின்னாலேயே ஒரு பன்றி வால்வும் மெதுவாக ஏறும்.

வழக்கம்போல வாசகர்களுக்கு ஒரு புத்திமதி எழுதி, அச்சுக்குப் போகுமுன் லெட்சுமியிடம் படித்துக் காட்டினேன்: 'இன்டர்நெட்டில் சாமி சாமான் வாங்குகிறவர்கள் முதலில் தேய்த்துப் பாருங்கள். பிறகு சூடம் காட்டுங்கள்.'

கேட்டுவிட்டு, கீழே டிவியோடு முனியாண்டி போடும் சத்தத்துக்கு ஒரு நிமிடம் காது கொடுத்தாள்.

"தேய்ச்சுப் பாத்துட்டுத்தான் கும்புடணும்னா, நான் இவரையே கட்டியிருக்க மாட்டேனே அண்ணே!"