கப்டன் வோல்டருக்கு ஒரு நட்சத்திரம்

சென்ற வாரம் கண் சத்திரசிகிச்சைக்குப் போனபோது, தாதி ஒருத்தி என் மணிக்கட்டில் பெயரெழுதிய பிளாஸ்டிக் பட்டியொன்றைக் கட்டினாள். கட்டிலை விட்டு இறங்கவே விடாதவர்கள், நான் எங்கே தொலைந்துபோவேன் என்று பயந்தார்களோ தெரியவில்லை. அந்த அறையில் பட்டி கட்டிய கைகள் ஒன்பது. எண்ணாமல் இருக்க எனக்கு வராது. எண்ணி முடித்ததும் லின்டாவின் கை நினைவுக்கு வந்தது.

எண்பதுகளில் லண்டன் பிளேஸ்டோவில் ஒரு காலுறைக் கிடங்கில் வேலை செய்தேன். புது நைலோன் மணம் சோற்றிலும் ஏறும். சோடி சோடியாக எண்ணிப் பெட்டியில் அடுக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் இந்த நாட்டில் இல்லை. என் மனைவி பூமணியும், ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த சிவம் அண்ணையும் அதே மேசை. எதிரே லின்டா, இங்கே வாழ்க்கைப்பட்ட அமெரிக்கப் பெண். அவள் கையில் ஓர் இரும்புக் காப்பு. அது காலுறைகளில் கொழுவி நூலை இழுக்கும். மேற்பார்வையாளர் எவ்வளவு கத்தினாலும் அவள் கழற்றமாட்டாள்.

"தண்ணிக் குழாயில வெட்டினதுபோலக் கிடக்கு," என்றார் சிவம் அண்ணை. "மனிசன் ஒரு பவுனில செய்து குடுக்கக்கூடாதோ?"

காப்பில் ஒரு பெயரும் திகதியும் இருந்தன. கப்டன் வோல்டர், வியட்நாம் போரில் அந்தத் திகதியில் விமானத்தோடு காணாமல் போனவர். அவர் திரும்பும்வரை, அல்லது நிச்சயமான செய்தி வரும்வரை, அதைப் போட்டிருப்பாளாம். காணாமல் போன வீரர்களின் பெயர் பொறித்த காப்புகள் அவள் நாட்டில் விற்பார்களாம்; பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாங்கியது. அவரை அவள் கண்டதேயில்லை.

சிவம் அண்ணை உருகிவிட்டார். "எங்கட சனம் சொந்தச் சித்தப்பனுக்கே இவ்வளவு செய்யாது. நாங்களும் ஏதும் செய்யவேணும்." காப்பிலிருந்த திகதியைப் பார்த்து, விரல் மடித்து, "தேய்பிறை ஏகாதசி" என்றார். அந்தத் திதியில் வோல்டருக்குத் திவசம், பதினொரு கறியோடு. எனக்கு ஒரு சந்தேகம்: வியட்நாமில் விடியும்போது இங்கே முதல்நாள் இரவல்லவா, திதி மாறாதா? தேநீர் இடைவேளை முழுவதும் இதில் சண்டை பிடித்தோம். எங்கள் நடுவில் லின்டா, பிறந்தநாள் விருந்து என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூமணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அண்ணை, ஆர் சொன்னது அந்தாள் செத்திட்டுது எண்டு?"

சிவம் அண்ணையின் மடித்த விரல்கள் அப்படியே நின்றன. பூமணியின் தம்பி நேசன் கொழும்பில் ரயில் ஏறியவன், யாழ்ப்பாணத்தில் இறங்கவில்லை. செத்தவனுக்குத் திதி, இருப்பவனுக்கு நட்சத்திரம். அவள் தம்பிக்குத் திதி பார்க்க ஒருவரையும் விடவில்லை.

"நட்சத்திரம் தெரியாதே, பிள்ளை," என்றார் அவர், மெதுவாக.

"தம்பியின்ரயைக் குடுக்கிறன். உத்திரட்டாதி."

அந்த வெள்ளிக்கிழமை லின்டாவையும் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். குருக்கள் வோல்டரின் பெயரை மூன்று முறை கேட்டார். பிறகு தைரியமாக, "உத்திரட்டாதி நட்சத்திரம், மீன ராசி, சிவ கோத்திரம்" என்று அமெரிக்க விமானப்படையையே சைவத்துக்கு எடுத்துவிட்டார். லின்டா காப்பைப் பிடித்தபடி நின்றாள். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஒரே நட்சத்திரத்தில் இரண்டு பெயர்கள்.

தொண்ணூறுகளில் ஒரு திங்கட்கிழமை லின்டா வெறுங்கையோடு வந்தாள். எலும்புகள் கிடைத்துவிட்டனவாம். காப்பு இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது. இந்த முறை சிவம் அண்ணை திதிக்கு விரல் மடிக்கவில்லை. பூமணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வெள்ளி பூமணி ஒரு பெயர்தான் சொன்னாள்.

"கப்டனை விட்டிட்டியளே, அம்மா?" என்றார் குருக்கள்.

"அவர் வீட்ட வந்திட்டார், ஐயா."

கிடங்கு இப்போது அடுக்குமாடி வீடுகள். லின்டா தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். சிவம் அண்ணை இல்லை, அந்தக் குருக்கள் இல்லை, நாலு வருடமாகப் பூமணியும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் போகிறேன். அர்ச்சனைச் சீட்டுக்கு இப்போது கம்பியூட்டர். அதன் முன்னால் இருக்கும் பெண் போனமுறை, "நேசன் உங்களுக்கு என்ன முறை, அங்கிள்?" என்று கேட்டாள்.

"மச்சான்," என்றேன்.

எங்கள் கலியாணத்துக்கு முன்பே காணாமல் போனவன். நான் அவனைக் கண்டதேயில்லை.