தம்பிக்கும் ஒன்றாம் தேதிதான்

மின்சார அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே அவள் மேஜை. எந்தத் துணைமின் நிலையத்தில் இன்னும் எவ்வளவு மின்சாரத்தை ஏற்க இடம் இருக்கிறது என்று கணக்கெடுத்து, ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வரைபடமாக இணையதளத்தில் போடுவது அவள் வேலை. சோலார் போடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நிலம் தேடுவார்கள். ஒருவருக்கு மட்டும் முன்னாலேயே தெரிந்துவிட்டால் மற்றவர்கள் வாயில் மண். அதனால் சைட்டில் வரும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. கல்யாணமான புதிதில் கணவர் பேச்சுவாக்கில் கேட்டதற்கே, "சைட்ல வரும், பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர், அலுவலகத்தில் மின்விசிறி ஓடுகிறதா என்றுகூடக் கேட்டதில்லை.

அவள் தம்பி இரும்புக் கதவு வியாபாரி. கையில் கொஞ்சம் சேர்ந்ததும் சோலார் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரு துணைமின் நிலையத்தின் மதிலை ஒட்டித் தரிசு நிலம் பார்த்துவைத்திருந்தான். போன மாத வரைபடத்தில் அந்த நிலையம் பச்சை, அதாவது இடம் உண்டு. ஒன்றாம் தேதி மதியம் முன்பணம் கொடுப்பதாக ஏற்பாடு.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து நிலத்தின் பெருமையை அளந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையத்தில் இருந்த இடம் முழுவதையும் வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டாயிற்று என்பது அவளுக்குக் காலையிலேயே தெரியும். அவள் வாய் திறக்காததை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு திருப்தியாகக் கிளம்பினான். கெடுதலாக இருந்தால் கூடப்பிறந்தவள் சொல்லாமலா இருப்பாள்?

மறுநாள் மேலதிகாரி வருமுன்பே அவர் அறை வாசலில் நின்றாள். வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரைபடத்தில் அவர் கையெழுத்து விழும். இன்று ஏன் அவசரம் என்று கேட்டார். தம்பி மதியம் நிலத்துக்குப் பணம் கொடுக்கப்போகிறான் என்று உள்ளதைச் சொன்னாள். அவன் காதில் போட்டுவிட வேண்டியதுதானே என்றார் அவர். அந்த விதியை எழுதியவரே அவர்தான். அவள் வரைபடத்தை அவர் முன்னால் நகர்த்தவே, அவருக்கும் அது ஞாபகம் வந்தது.

பிறகு அதில் அந்த நிலையம் சிவப்பாக இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சிவப்பைப் பார்த்தா முதலீட்டாளருங்க ஓடிருவாங்கம்மா. ஆரஞ்சு போடுங்க."

"நிறம் உங்க இஷ்டம் சார். பக்கத்துல மீதி பூஜ்யம்னு மட்டும் இருக்கட்டும்."

பூஜ்யத்துக்கு அவர் ஆட்சேபிக்கவில்லை.

மதியத்துக்கு முன்பே சைட்டில் ஏறியது. இரண்டு முறை திறந்து பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். நீயே சொல்லேன் என்றான். பார்த்துவிட்டுப் பேசு என்றாள்.

"ஆரஞ்சுதான் இருக்கு. அப்போ கொஞ்சம் இருக்குன்னு அர்த்தம்."

"பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"பூஜ்யம்" என்று படித்தவன் உடனே கேட்டான்.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் உன் தம்பி, அக்கா."

"அதுவும் தெரியும்."

போனை வைத்துவிட்டான். முன்பணத்தைக் கொடுக்கவில்லை. நிலத்துக்காரர் திட்டியதை அம்மா மூலமாக அவளுக்குச் சொல்லியனுப்பினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு அவள் கணவரிடம் பேசினான்.

"மாமா, அடுத்த மாசம் எந்தப் பக்கம் இடம் வருதாம்? கேட்டுச் சொல்லுங்க."

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் டீயை ஆற்றினாள்.

"சைட்ல வருமாம்ப்பா" என்றார் அவர்.

தம்பி ஒரு வாய் குடித்தான். சர்க்கரை பத்தவில்லை என்பதை மட்டும் அக்காவிடமே சொன்னான்.