இடது கையால் வந்த காபி

காரைக்குடியில் ஒரு சிறிய சபைக்கு நான் பாஸ்டர். மனைவியை அடிப்பது பாவம் என்று ஒரு ஞாயிறு பிரசங்கித்தேன். அடுத்த மாதம் சபையைச் சேர்ந்த வேன் டிரைவர் ஒருவர் தன் மனைவியோடு வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, அன்னைலேருந்து இவ மேல நான் கை வைக்கல. கர்த்தர்தான் ஒங்க வாயால பேசுனாரு" என்று அழுதார்.

என் மனைவி இடது கையால் காபியை நீட்டினாள். "தப்பா நெனைக்காதீக, வலது கை சுளுக்கிருச்சு."

டிரைவரின் மனைவி அந்த வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அதே பொய்யை அவளும் எத்தனையோ முறை சொல்லியிருப்பாள்.

முறுக்கியவன் நான்தான். அதற்குப் பிறகும் என் கை அடங்கவில்லை. என்னைக் கொண்டு கர்த்தர் ஒரு வீட்டைக் காப்பாற்றினார் என்று நம்புகிறேன். அது என் வீடு அல்ல.