மூன்றாம் சரணம்

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பேண்டு இருந்தது. இருந்தது என்பது பதிவேட்டின்படி. பெரிய டிரம் ஒன்று, சின்ன டிரம் இரண்டு, புல்லாங்குழல் ஆறு, பியூகிள் ஒன்று என்று இருப்புப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். நேரில் பார்த்தால் சின்ன டிரம் ஒன்றின் தோல் கிழிந்திருக்கும். புல்லாங்குழல் இரண்டில் காற்று மட்டும் வரும். கிழிந்ததைக் கழிவு செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், கிழிந்தது எப்படி என்று விளக்கம் கேட்பார்கள். ஆகவே கிழிந்த டிரம்மும் ஒரு மாணவனின் கழுத்தில் தொங்கிக்கொண்டு அணிவகுப்பில் வரும். பின்னாளில் கல்வி அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஏற்பாட்டில் நடைமுறைப் பிழை எதுவும் இல்லை.

பேண்டுக்குப் பொறுப்பு என் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, அந்தப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தார். தற்காலிக நியமனம். தற்காலிகம் என்றால், மற்ற ஆசிரியர்களுக்குப் பிடிக்காத வேலைகள் எல்லாம் நிரந்தரமாக அவருடையவை. மணி அடிப்பவர் வராத நாளில் மணி அடிப்பார். மதியம் சைக்கிளில் தபால் நிலையத்துக்குப் போய்ப் பள்ளித் தபாலை வாங்கி வருவார். தலைமையாசிரியரின் வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் எடுத்துக் கொடுப்பார். அந்த ஆண்டு முடிவில் அவருடைய நியமனமும் முடிந்துவிடும். அதற்குமேல் அவர் நீடிக்க வேண்டுமானால் தலைமையாசிரியர் பரிந்துரைக்க வேண்டும், மாவட்டக் கல்வி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவலூர்பேட்டைப் பக்கத்தில் அவருக்கு ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். பெண் வீட்டார் நல்லவர்கள். வேலை நிலைத்த பிறகு நாள் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் அதே மரியாதையோடு சொல்லியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் கல்வி அதிகாரி பள்ளிக்கு வருகை தரப்போவதாகச் சுற்றுப்பயணத் திட்டம் வந்தது. ஒரு மாதம் அவகாசம். தலைமையாசிரியர் தாமே ஒரு வரவேற்புப் பாட்டு எழுதினார். முதல் சரணம் செஞ்சிக் கோட்டையைப் பற்றி. இரண்டாம் சரணம் பள்ளியைப் பற்றி. மூன்றாம் சரணம் அதிகாரியைப் பற்றி. அதில் அதிகாரியின் பெயர் மூன்று இடங்களில் வரும். இனிஷியலையும் பி.ஏ., பி.டி. பட்டங்களையும்கூடத் தாளத்துக்குள் அடக்கியிருந்தார். தமிழில் அதற்கு முன் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

பாட்டில் முதல் குரல் என்னுடையது. பெரிய டிரம் என் அண்ணன். மற்றவர்களுக்கு மாமா கற்றுக்கொடுத்த பாடம் ஒன்றுதான். 'பெரிய டிரம் எங்கே போகுதோ அங்கே போ, எப்போ நிக்குதோ அப்போ நில்லு.' புல்லாங்குழல் வாசித்த ஏழுமலைக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவன் பத்தாம் வகுப்பு, மீசை முளைத்தவன். எட்டாம் வகுப்புப் பெண்ணும் ஒன்பதாம் வகுப்புப் பையனும் முன்னால் நடக்க, அவன் பின்னால் நடக்க வேண்டியிருந்தது.

ஒத்திகை பள்ளி விட்டதும் நாலரைக்குத் தொடங்கும். அதில்தான் ஒரு சிக்கல். நாங்கள் சமணர்கள், ஊரில் நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. தண்ணீரும் கிடையாது. பொழுது எப்போது சாய்கிறது என்பதில் எங்கள் அம்மா பஞ்சாங்கத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. செஞ்சியில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கும். மலைக்கு அந்தப் பக்கத்தில் அது இன்னும் அரைமணி நேரம் இருக்கக்கூடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சூரியனை வைத்துக்கொண்டு சோறு போட அம்மா தயாராக இல்லை. சூரியன் மலையைத் தொட்டால் அடுப்படி சாத்தப்பட்டது என்று பொருள். எங்கள் நைனா, அதாவது அப்பா, ஒருமுறை இதைப் பற்றி ஏதோ சொல்லப்போய், அன்று பட்டினியாகப் படுத்தார்.

ஆகவே மாமா ஒரு நடைமுறை வகுத்தார். தினமும் முதல் இரண்டு சரணங்களைப் பேண்டு முழுவதும் பயிற்சி செய்யும். இரண்டாம் சரணம் முடிந்ததும் மாமா கையில் இருக்கும் குச்சியைத் தம் வலது அக்குளில் இடுக்கிக்கொள்வார். அது எங்களுக்கு அடையாளம். அண்ணன் டிரம்மைக் கழற்றி வைத்ததும், நானும் அவனும் சல்யூட் அடித்து, வலப்பக்கம் திரும்பி, நடந்து வெளியேற வேண்டும். டிரில் மாஸ்டர் அல்லவா, சோற்றுக்கு ஓடுவதைக்கூட ஒழுங்காக ஓட வேண்டும் என்று நினைத்தார். அதன்பிறகு அவர் இருட்டும்வரை மற்றவர்களோடு மூன்றாம் சரணத்தைப் பிடித்துக்கொண்டு மல்லாடுவார்.

நாங்கள் நடக்கத் தொடங்கியதும் ஏழுமலை குழலை வாயிலிருந்து எடுப்பான்.

"ஓடு ஓடு, சோறு பறந்துடப் போவுது! மலைமேல யாராச்சும் ஏறி சூரியனப் புடிங்கடா, நயினார் வூட்டுப் புள்ளைங்க இன்னும் சாப்புடல!"

"நீ மொதல்ல உன் கொழலுல சத்தத்தப் புடி," என்பான் அண்ணன், திரும்பிப் பார்க்காமல். அணிவகுப்பில் திரும்பிப் பார்க்கக் கூடாது.

மாமா ஏழு மணிக்குமேல் வீட்டுக்கு வருவார். கால் கழுவிக்கொண்டு, "பசியில்லக்கா" என்று சொல்லிவிட்டுப் பாயை விரிப்பார். அவருக்கு எடுத்து வைத்த சோற்றை அம்மா காலையில் மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ சாப்பிட்டுவிட்டு வருகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் எங்கள் மாடு நன்றாகச் சாப்பிட்டது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தலைமையாசிரியருக்கு இந்த ஏற்பாடு தெரிந்தபோது திடுக்கிட்டார். மூன்றாம் சரணம்தான் பாட்டின் உயிர், அதில் டிரம்மும் முதல் குரலும் இல்லையென்றால் எப்படி என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை வரவழைத்து, மூன்று சரணங்களையும் முழுதாகப் பாட வைத்துக் கேட்டார். தம் வரிகளுக்குத் தாமே தலையாட்டினார். "வர்ற அன்னிக்குச் சோறு கீறுன்னு யாரும் அசையக் கூடாது. பாட்டு முடியிற வரைக்கும் நிக்கணும்," என்று எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் தலைமையாசிரியர் மாலை வாங்கத் திண்டிவனம் போய்விட்டார். செஞ்சியில் கிடைக்கும் மாலை போதாது என்று அவருக்குத் தோன்றியிருந்தது. மாமா வழக்கம்போலத் தபால் எடுத்து வந்து அவருடைய மேசையில் வைத்தார். அன்று ஒத்திகை வேண்டாம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, எங்களை மட்டும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பாட்டப் பாக்காதீங்க, குச்சியப் பாருங்க. குச்சி இன்னா சொல்லுதோ அதுதான்."

"ஹெட்மாஸ்டர் மூணு சரணமும் முடியிற வரைக்கும் நிக்கச் சொன்னாரே மாமா?" என்றான் அண்ணன்.

"நிக்கச் சொன்னாரு. நான் வேணாம்னா சொன்னேன்? குச்சியப் பாருங்கன்னுதான் சொல்றேன்."

மறுநாள் காலையில் புறப்படும்போது அவர் அம்மாவிடம், "அக்கா, இன்னிக்கு எனக்கும் சேத்து ஒல வை. பொழுதோட வந்துடுவேன்," என்றார். அம்மா ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதிகாரி மூன்று மணிக்கு வருவதாகத் திட்டம். ஆகவே எங்களை ஒரு மணிக்கே வெயிலில் நிறுத்தினார்கள். ஜீப் ஐந்து மணிக்கு வந்தது. அதிகாரியின் கால் தரையில் படும்போது பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. ஜீப் வளைவில் திரும்பியதுமே மாமா குச்சியை உயர்த்தினார், அண்ணன் டிரம்மை அடித்தான், நான் கோட்டையைப் பாடத் தொடங்கினேன்.

ஜீப்பிலிருந்து கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் இறங்கினார். மாணவர்களில் யாரும் கல்வி அதிகாரியைப் பார்த்ததில்லை. அதிகாரிகள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாலையோடு முன்னால் போன தலைமையாசிரியர் பாதியில் நின்றார். ஜீப்புக்குள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு மாலையை ஒருவழியாகப் போட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு கையை எங்களைப் பார்த்து வேகமாக ஆட்டத் தொடங்கினார். தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். தாளம் தப்பாக இருந்தது.

இரண்டாம் சரணம் முடிந்தது. சூரியன் மலைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. மாமா குச்சியை அக்குளில் இடுக்கினார்.

பழக்கதோஷம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு மாதமாகச் செய்துவந்த கை, தானாக இடுக்கிக்கொண்டுவிட்டது. இது ஒத்திகை அல்ல என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் சரணத்தின் முதல் வரி தொண்டையில் தயாராக இருந்தது. ஆனால் அண்ணன் அதற்குள் கழுத்தில் டிரம்மோடேயே சல்யூட் அடித்துவிட்டான். என் கையும் உயர்ந்தது. வலப்பக்கம் திரும்பினோம். நடந்தோம். பெரிய டிரம் போகிற இடத்துக்குத்தானே மற்றவர்கள் போக வேண்டும்? குழல்காரர்களும் சின்ன டிரம்காரர்களும் சல்யூட் அடித்து, திரும்பி, வரிசையாக எங்கள் பின்னால் வந்தார்கள். கிழிந்த டிரம்காரன்கூடக் கால் தப்பாமல் வந்தான். மைதானம் காலியானது.

கைதட்டும் சத்தம் கேட்டது. அதிகாரிதான்.

"சுருக்கமா இருந்தது. மத்த ஸ்கூல்ல எல்லாம் அரைமணி நேரம் நிக்க வெச்சுடறாங்க," என்றார்.

"இங்க எப்பவுமே இப்படித்தான் சார்," என்றார் தலைமையாசிரியர். அவர் முகம் முழுதும் வேர்த்திருந்தது. மாமாவை அவர் பார்த்த பார்வையில் கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் என்று வைத்துக்கொண்டேன்.

கட்டடத்தின் பின்புறம் ஏழுமலை எங்களைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதம் இருட்டில் நின்று மூன்றாம் சரணம் கற்றவன் அவன். அவனுடைய கோபத்தில் நியாயம் இருந்தது.

"ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சோறு தள்ளிப் போனா செத்தாடீ போயிடுவீங்க? உங்க மாமனுக்கு இனிமே இன்னா வேல இருக்குது இங்க?"

அண்ணன் என் காதில், "மாமா மறந்து குச்சிய வெச்சிட்டாரு. யாருகிட்டயும் சொல்லிடாத," என்றான்.

நான் சொல்லவில்லை. "எனக்குத்தான் பசி. நான்தான் மொதல்ல திரும்பினேன்," என்றேன் ஏழுமலையிடம். அது பொய். மாமாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்பதால் அன்று என்னைப் பற்றி எனக்கு உயர்வான எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் பல ஆண்டுகள் நீடித்தது. இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியர் மாமாவுக்குப் பரிந்துரை எழுதியபோது, அதற்குக் காரணம் என் தியாகம்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த தை மாதம் மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. அதுவும் என் கணக்கில்தான் சேர்ந்தது.

பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் போட்டது தபால் அனுப்பும் பிரிவில். ஒரு நாள் புதிய அதிகாரி ஒருவர் பொறுப்பேற்றார். பழையவர் மாறுதலில் போய்விட்டார், இன்று முற்பகல் முதல் இன்னார் பொறுப்பில் இருக்கிறார் என்று ஒரு சுற்றறிக்கை. அதைச் சைக்ளோஸ்டைல் செய்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். அது புக் போஸ்ட், உறையை ஒட்டக் கூடாது என்று தலைமை எழுத்தர் சொல்லிக்கொடுத்தார். ஒட்டாத உறை. கையில் வாங்குகிறவர் யாரும் படிக்கலாம். மறுநாள் மதியம் பள்ளிக்குப் போய்ச் சேரும். பத்து உறை முடித்து, பதினோராவது உறையில் என் கை நின்றது.

தலைமையாசிரியருக்கு வரும் தபாலைத் தற்காலிக ஆசிரியர் படித்தால் அது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். படித்ததைச் சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். மேசையில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது. திண்டிவனத்து மாலையோடு வந்த மனிதர் காலையில் தபாலைப் பார்க்கவில்லை என்றால் அதற்கு டிரில் மாஸ்டர் பொறுப்பாக மாட்டார். பழைய அதிகாரியின் பெயரை இனிஷியலோடும் பட்டத்தோடும் புதிய அதிகாரியின் முகத்துக்கு நேரே மூன்று முறை பாடியிருந்தால் யாருடைய பரிந்துரை எங்கே போயிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது மாமாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"அடுத்தவங்க தபாலப் படிக்கிறது தப்புமா," என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் மாமா எங்களுக்கு முன்னாலேயே வீட்டில் இருந்தார். சூரியன் மலையைத் தொட இன்னும் விரலளவு இருந்தது. அம்மா இலை போட்டாள். மாமா குழம்புக்குச் சோறு வாங்கினார், ரசத்துக்கு இரண்டு முறை வாங்கினார், மோருக்கு மறுபடியும் வாங்கினார். அம்மா கேட்காமலேயே போட்டுக்கொண்டிருந்தாள். வேலை போன மனிதருக்கு இவ்வளவு பசிக்குமா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இருந்தது. கடைசிக்கென்று வைத்திருந்த என் அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அதையும் நொறுக்கிச் சாப்பிட்டார்.